பட்டறையும் வகுப்பும்

'கைவேலை' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தங்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்குள் அது பரீட்சைக்கு வராத பாடம். வெளியே அது ஒரு ஜாதியின் பிழைப்பு. ஒரு மாணவன் நாற்காலியும் விளக்கும் தன் கையால் செய்வதையே உயர்கல்வியாகக் கொள்ளலாம் என்ற மூன்றாவது அர்த்தம் வெளியிலிருந்து வந்தது. அது எப்படி உருவாயிற்று, இங்கே அதற்கு என்ன நேர்ந்தது என்பது தச்சுத் தொழிலை மட்டும் சார்ந்த விஷயமல்ல.

1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் க்ரோப்பியஸ் பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கினார். கலைஞர்கள் அனைவரும் கைத்தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவரது பிரகடனம். ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள். உருவத்தைக் கற்பிக்க ஒரு ஓவியர் அல்லது கட்டிடக் கலைஞர். தொழிலைக் கற்பிக்க அதில் தேர்ந்த ஒரு கைவினைஞர்.

1920இல் அங்கே மாணவராக வந்த மார்செல் ப்ராயருக்கு வயது 18. தச்சுப் பட்டறையில் அவர் செய்த சட்ட நாற்காலியில் உட்காருகிறவரின் உடம்பை மரம் தாங்குவதில்லை. சட்டங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய துணி தாங்குகிறது. நாற்காலியின் கணக்கை அவர் முதுகிலிருந்து தொடங்கினார். வரைபலகையில் கிடைக்காத அறிவு இது. கழுந்தைத் துளையில் இறக்கும்போது மரம் எங்கே பிளக்கும் என்று தெரிந்த கைக்கே மரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதும் தெரியும்.

உலோகப் பட்டறையில் 1924இல் வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் ஒரு மேஜை விளக்கு செய்தார். வட்டமான அடித்தட்டு, நேரான தண்டு, பால்வெள்ளைக் கண்ணாடியில் அரைக்கோள மூடி. பார்த்தால் இயந்திரம் வார்த்துத் தள்ளியது போலிருக்கும். உண்மையில் ஒவ்வொரு பாகமும் கையால் செய்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது. லைப்சிக் சந்தைக்கு அவர் விளக்குகளைக் கொண்டுபோனபோது வியாபாரிகள் சிரித்தார்கள். இயந்திரத்தின் முகம், கையின் கூலி! அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. எல்லோருக்குமாக நினைத்த பொருளை எல்லோரும் வாங்கும் விலைக்குச் செய்ய முடியவில்லை. 1980 முதல் ப்ரேமென் நகரத்து நிறுவனம் ஒன்று அதை மீண்டும் தயாரிக்கிறது. இன்றும் அது ஏழை வீட்டு விளக்கு அல்ல.

அதே பட்டறைக்கு 1924இல் வந்தவர் மரியான் ப்ராண்ட். உலோக வேலை பெண்ணுக்கானதல்ல என்று எண்ணிய சக மாணவர்கள் சலிப்பூட்டும் வேலைகளை அவருக்கு ஒதுக்கினார்கள். சின்னச் சின்ன அரைக்கோளங்களை அடித்து எடுத்துக்கொண்டிருந்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1928இல் அந்தப் பட்டறையின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் பங்கேற்று உருவாக்கிய விளக்குகள் தொழிற்சாலையில் உற்பத்தியாயின.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒன்று உண்டு. வைமரில் பள்ளியின் முடிவுகளை எடுத்த ஆசிரியர் குழுவில் உருவ ஆசிரியர்களுக்கு வாக்கு இருந்தது. தொழில் ஆசிரியர்களுக்கு இல்லை. கையையும் மூளையையும் ஒன்றாக்க வந்த பள்ளி, கூட்டம் கூடியபோது அவற்றைப் பிரித்தே உட்காரவைத்தது.

நமக்கு இது புதிதல்ல. எரியோடு, வேடசந்தூர்ப் பக்கத்துத் தச்சர் குடமும் ஆரக்காலும் வட்டையும் சேர்த்து வண்டிச் சக்கரம் செய்வதற்குக் காகிதத்தில் படம் போட்டதில்லை. அந்த அறிவு அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. அது அறிவுதான், ஆனால் மகனுக்கு வேறு வழி இருந்ததா?

1937இல் காந்தி வார்தாவில் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். 1947இல் திண்டுக்கல் அருகே சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவியதில் அந்த நம்பிக்கைக்குப் பங்குண்டு. ஆனால் 1953இல் ராஜாஜி, கிராமப்புற ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றபோது, தமிழகம் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் உளியை வெறுத்தவர்கள் அல்ல. உளியைக் கீழே வைக்கும் உரிமையைக் கேட்டவர்கள்.

இந்தப் பின்னணியோடுதான் அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும். 1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி அரசுக்கு அளித்த அறிக்கை, தண்ணீர் மொள்ளும் சொம்பைச் சிறந்த வடிவத்துக்கு உதாரணமாகக் காட்டியது. ஒரு தனி மனிதர் வடிவமைத்ததல்ல, பல தலைமுறைகள் செய்து தேய்த்தது அது. 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. புதுச்சேரி ஆசிரமத்தில் 1930களின் இறுதியில் கோல்கொண்டா விடுதி கட்டுவதில் ஈடுபட்டு, அதற்கு மர நாற்காலிகளும் வடிவமைத்த ஜார்ஜ் நகஷிமா, 1964இல் அங்கே வந்து மரச்சாமான்கள் வடிவமைத்தார். பின்னால் வந்த மாணவர்கள் அங்கே இழைப்புளி பிடித்தார்கள். விரும்பிப் பிடித்தார்கள், அதனால் அது கல்வியாயிற்று. அதே இழைப்புளியை ஆசாரியின் மகன் பிடித்தால் அது பிழைப்பு, பெயர் 'பரம்பரை'. கருவி ஒன்றுதான். வேறு வேலைக்குப் போகும் கதவு ஒருவருக்குத் திறந்திருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுக்கு ஊர்ப்பெயர் உறுதியாயிற்று. வைமர் விளக்கை வாகன்ஃபெல்ட் பெயரால் அறிகிறோம். மாங்காய்ப் பூட்டின் நெம்புகளை முதலில் அமைத்தவர் பெயர் அதில் இல்லை.

வடிவமைப்பு மாணவன் பட்டறைக்குப் போவது நல்லது. பட்டறையில் பிறந்தவள் மாணவியாகப் பள்ளிக்குள் வருவதும், அவளுடைய அப்பா அங்கே வாக்குள்ள ஆசிரியராக உட்காருவதும் நடக்காதவரை, கைவேலையின் மகத்துவம் பற்றிய பேச்சு 1953இன் திட்டத்தை அழகான தாளில் மறுபடி அச்சிடுவதுதான்.