அம்பலும் அலரும் பழவேற்காட்டுப் பாலமும்

ஊர்ப்பேச்சுக்குச் சங்க அகப்பாடல்கள் இரண்டு சொற்களை வைத்திருந்தன. சிலர் தமக்குள் முணுமுணுத்துக்கொள்வது அம்பல்; அதுவே பலரறிய வெளிப்பட்டுவிட்டால் அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என்பர் உரையாசிரியர். அகமரபில் அலருக்கு ஒரு நற்பயனும் உண்டு. ஊர் பேசத் தொடங்கிவிட்டது என்பதாலேயே மணம் விரைந்து நிகழும். வள்ளுவரும் காமத்துப்பாலில் ‘அலரறிவுறுத்தல்’ என்றோர் அதிகாரம் அமைத்து, அலரைக் காதலுக்குத் துணையாகவே காட்டினார். ஆனால் அதே வள்ளுவர் அறத்துப்பாலில் புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை, 19ஆவதாகவும் 20ஆவதாகவும், வைத்திருக்கிறார். காதலுக்குத் துணையான ஊர்வாய், அறத்தின் முன்னால் குற்றவாளியாக நிற்கிறது.

இந்த இரு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம். அகப்பாடல்களில் அலருக்கு ஆளாகும் தலைவி அவ்வூர்ப் பெண். அவளுக்காகப் பேசத் தோழி இருக்கிறாள், செவிலி இருக்கிறாள். பழி தூற்றுவோரே அவளைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர்கள். பேச்சு எல்லை மீறினால் தடுக்கும் உறவு அந்த ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஊரார் எவருக்கும் உறவல்லாத ஒருவன் மீது அலர் எழுந்தால் என்னவாகும்? இதற்கான விடை நமக்கு வெகு அருகில், திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திறங்கியிருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப் வழியாகத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவியது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வ வழிபாட்டுக்குக் காரில் வந்த குடும்பத்தினர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அதைக் கண்டவர்கள் திரண்டு தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே நாளில் பழவேற்காட்டில், தெருவில் திரிந்துகொண்டிருந்த ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அவர் மனநலம் குன்றியவர் என்று அப்போதைய செய்திகள் தெரிவித்தன. நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்ட கூட்டத்துக்குப் பொருந்தும்படி விடைசொல்ல அவரால் இயன்றிருக்காது. அவருக்காகப் பேச ஒரு தோழியும் அங்கில்லை.

பழவேற்காடு அயலாரை அறியாத ஊரன்று. போர்த்துக்கீசியரையும் அடுத்து டச்சுக்காரரையும் கண்ட துறைமுகம் அது. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக இருந்தது. பஞ்ச காலங்களில் இக்கரையில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள், குழந்தைகள் உட்பட, கப்பலேற்றப்பட்டு பட்டேவியாவுக்கு அனுப்பப்பட்டதை அந்த நூற்றாண்டின் வணிக ஆவணங்கள் சொல்கின்றன. பிள்ளைகள் மெய்யாகவே கொண்டுபோகப்பட்ட ஒரு காலம் இக்கரைக்கு உண்டு. அந்நினைவுதான் 2018இல் கொன்றது என்று நாம் கூறவில்லை. சோறுண்ண மறுக்கும் குழந்தையைத் தமிழ்நாடெங்கும் ‘பிள்ளைபிடிகாரன்’ பெயர் சொல்லித்தான் அச்சுறுத்துகிறோம். வதந்தி புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. முன்பே உள்ள அச்சத்துக்கு ஒரு முகத்தைக் காட்டினால் போதுமாக இருந்தது.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் முதல் உலகப்போரின் போர்முனையில் இருந்தவர். போர்க்காலப் பொய்ச்செய்திகளைப் பற்றி 1921இல் எழுதிய கட்டுரையில் அவர் வந்தடைந்த முடிவும் ஏறத்தாழ இதுவே: பொய்ச்செய்தி பிறப்பதற்கு முன்பே அதற்கான மனநிலை பிறந்துவிடுகிறது. ஜார்ஜ் லெஃபேவ்ர் 1932இல் வெளியிட்ட நூலில், 1789ஆம் ஆண்டுக் கோடையில் பிரெஞ்சு நாட்டுப்புறத்தைப் பீடித்த பேரச்சத்தை ஆராய்ந்தார். கொள்ளைக்கூட்டம் வருகிறது என்று ஊருக்கு ஊர் மணியடித்து ஆயுதம் ஏந்தினார்கள். கூட்டம் எதுவும் வரவில்லை. பஞ்சத்தால் வேலை தேடி அலைந்த ஏழைகளே குடியானவர்களின் கண்ணுக்குக் கொள்ளையராகத் தெரிந்தார்கள்.

வேலை தேடி அலையும் ஏழை என்றதும் நமக்குக் கும்மிடிப்பூண்டி நினைவுக்கு வராமலிராது. சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர் உழைக்கிறார்கள். தெலுங்கு பேசுவோர் தலைமுறைகளாக வாழும் எல்லைப் பகுதி அது; ஈழத்து ஏதிலியரின் பெரிய முகாம் ஒன்றும் அங்கே உண்டு. இத்தகைய தொழிலாளரைக் குறித்து 2023 மார்ச் மாதத்தில் மற்றொரு வதந்தி கிளம்பியது. இம்முறை அது எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகாரிகள் கொல்லப்படுகிறார்கள் என்று அங்குள்ள குடும்பங்கள் நடுங்கின. சான்றாகக் காட்டப்பட்ட காட்சிகளுள் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. 2018இல் வடநாட்டான் நமக்குப் பிள்ளைபிடிகாரன். 2023இல் நாம் அவர்களுக்குக் கொலைகாரர்கள்.

சட்டமும் தொழில்நுட்பமும் வாளாவிருக்கவில்லை. 2018 ஜூலை 17 அன்று உச்சநீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை அமர்த்துமாறு ஆணையிட்டது. அதே மாதத்தில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை அறிவித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காக ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்யும் கொலையைத் தனிக் குற்றமாக்கியது. இவையெல்லாம் தேவை. எனினும் இவை அலரைத்தான் தடுக்க முயல்கின்றன. அம்பல், சட்டம் நுழையாத இடத்தில், திண்ணையிலும் தேநீர்க்கடையிலும் குடும்பக் குழுக்களிலும் அரும்புகிறது. அதை அனுப்புகிறவர் எவரும் கொலையாளியாகத் தம்மை எண்ணுவதில்லை. ‘எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டுமே’ என்ற நல்லெண்ணத்துடனேயே அனுப்புகிறார். பழவேற்காட்டிற்கு வந்து சேர்ந்த சொல்லும் அப்படி எத்தனையோ நல்லவர்களின் கைமாறியே வந்திருக்கும்.

பாலத்தில் தொங்கிய அந்த மனிதரைப் படம்பிடித்துப் பரப்பவும் ஆட்கள் இருந்தார்கள். கொன்ற சொல் வந்த வழியிலேயே அவரது பிணத்தின் படமும் பயணப்பட்டது. அவரது பெயரைக் கேட்டறிய மட்டும் அன்று அவ்வூரில் எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.