கொலாபாவுக்குப் போன கணக்கு

பம்பாய்க்கு வந்த தமிழர் வரலாறு என்று யார் எழுதினாலும் ஷார்ட்ஹேண்ட் படித்துவிட்டு வந்தவர்கள், மாட்டுங்கா மெஸ், தாராவித் தோல் தொழில் என்று மூன்று வரிகளில் முடித்துவிடுகிறார்கள். அதே காலத்தில் கணக்கு மட்டும் தெரிந்துகொண்டு வந்த பையன்களும் உண்டு. அவர்கள் கதையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. தாதர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கோச்சிங் கிளாஸ் போர்டுகள்தான் கண்ணில் படுகின்றன. கணக்கு என்பது எஞ்சினீயரிங் சீட்டுக்கான நுழைவுச் சீட்டு. அவ்வளவுதான் நமக்கு.

கதை சென்னையில் தொடங்குகிறது. சார்லஸ் ரசீன் ஒரு பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார், 1897-இல் பிறந்தவர். பாரிஸில் எலீ கார்த்தானிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1937-இல் இந்தியா வந்து முதலில் திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், பிறகு சென்னை லயோலா. அன்றைய ஆனர்ஸ் கணக்கு பெரும்பாலும் பரீட்சைச் சாமர்த்தியம்: கடினமான கணக்குகளை வேகமாகப் போடத் தெரிந்தால் முதல் வகுப்பு. ரசீன் அதோடு நிற்கவில்லை. பிரான்சில் அப்போது புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்த கணிதத்தைப் பையன்கள் கையில் கொடுத்தார். தேறியவர்களை பம்பாய்க்குப் போகச் சொன்னார்.

பம்பாயில் ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.). அங்கே 1949-இல் கணிதப் பிரிவை உருவாக்க வந்தவர் கே. சந்திரசேகரன், சென்னை பிரசிடென்சியில் படித்தவர். 1953-இல் லயோலாவிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்: வட ஆற்காடு தண்டரையைச் சேர்ந்த எம்.எஸ். நரசிம்மன், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சி.எஸ். சேஷாத்ரி. இருவருக்கும் அப்போது இருபத்தொரு வயதுதான். நிறுவனம் அப்போது கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. இன்றைய கொலாபா கட்டடம் 1962-இல்தான் திறக்கப்பட்டது.

சந்திரசேகரன் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. லோரான் ஷ்வார்ட்ஸ் போன்ற உலகப் பெருந்தலைகளை அழைத்துவந்து வாரக்கணக்கில் பாடம் நடத்தச் சொல்வார். பாடக்குறிப்பு எழுதி அச்சுக்குத் தயாராக்குவது புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் வேலை. ஒரு வரி புரியாவிட்டாலும் எழுத முடியாதல்லவா? கேட்டுத்தான் ஆக வேண்டும். 1965-இல் நரசிம்மனும் சேஷாத்ரியும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது.

பெருமைப்படலாம். ஆனால் ஆடையை எடுத்துக்கொண்டு பாலை அப்படியே விட்டுவிட்டோம் என்பது என் கட்சி. நல்ல கணிதவாதிகள் கொலாபாவுக்குள் போனார்கள். அங்கே பி.எஸ்ஸி. வகுப்பு கிடையாது. வெளியே கல்லூரிகளில் பழைய கதைதான். வாத்தியார் தேற்றத்தைப் போர்டில் எழுதுவார், பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள், பரீட்சையில் திருப்பி எழுதுவார்கள். மூன்று இடத்திலும் ஒரே எழுத்து :-)

இதை உடைக்கப் பார்த்தவர் எஸ். குமரேசன். அவரும் டி.ஐ.எஃப்.ஆரில் டாக்டர் பட்டம் பெற்றவர்தான். ஆனால் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி வகுப்பறைக்கு வந்தார். 1993-இல் எம்.டி.டி.எஸ். என்ற கோடை முகாமைத் தொடங்கினார். தேசிய உயர் கணித வாரியத்தின் பணம், நான்கு வாரம், மாணவர் நிலைக்கேற்ப மூன்று படிகள். அங்கே வாத்தியார் சொல்லிக்கொண்டே போகமாட்டார். கேட்பார். தப்பான பதிலும் பதில்தான், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

உதாரணத்துக்கு 'தொடர்ச்சி' என்ற பாடம். எப்சிலான், டெல்ட்டா என்று இரண்டு வரி மனப்பாடம் செய்துதான் நம்மில் பலர் தப்பித்தோம். கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள்: 5-இன் வர்க்கம் 25. விடை 25-லிருந்து 0.1-க்கு மேல் விலகக்கூடாது என்றால், 5-லிருந்து நீ எவ்வளவு விலகலாம்? 0.01 என்று சட்டென்று ஒருவன் சொல்வான். 5.01-இன் வர்க்கம் 25.1001. போச்சு! 0.009 என்பான் இன்னொருவன். 5.009-இன் வர்க்கம் 25.09 சொச்சம், சரி. 4.991 பக்கமும் பார்த்தாயா என்று மூன்றாமவள் கேட்பாள். அந்த இரண்டு வரி வரையறையை அவர்களே செய்துவிட்டார்கள்.

சேஷாத்ரி வேறு வழியில் போனார். 1984-இல் சென்னை திரும்பி, 1989-இல் ஸ்பிக் அறக்கட்டளையின் ஆதரவில் சிறிய கணிதப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சென்னைக் கணிதவியல் கழகம் (சி.எம்.ஐ.) ஆனது அதுதான். 1998-இல் பி.எஸ்ஸி. ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சி செய்பவர்களே பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது என்பதுதான் திட்டம். பட்டம் யார் கொடுத்தார்கள் தெரியுமா? போபாலில் இருக்கும் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்! 2006-இல் நிகர்நிலை அந்தஸ்து கிடைக்கும்வரை சென்னையில் படித்தவர்கள் கையில் மத்தியப் பிரதேசப் பட்டம்தான். அதை நம்பிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு நிஜமாகவே தைரியம் ஜாஸ்தி.

மும்பைக்கும் 2007-இல் ஒன்று வந்தது: காலினா வளாகத்தில் பல்கலைக்கழகமும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் மையம், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருட எம்.எஸ்ஸி. தாதரிலிருந்து போய்வரும் தூரம்தான்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் பி.எஸ்ஸி. கணக்கு, இரண்டாம் வருடம். எம்.டி.டி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். "மே மாசமாண்ணா? ஊர்ல என் தம்பி கல்யாணம் இருக்கே" என்கிறார் அவள் அம்மா. முகாம் தேதி வந்ததும் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.