இ-மியூல்

இ-மியூல் என்பது விண்டோஸ் கணினிகளுக்கான திறந்த மூலக் கோப்புப் பகிர்வு மென்பொருள். இணையத்தில் 'மெர்குர்' என்ற பெயரில் அறியப்பட்ட ஜெர்மானிய நிரலாளர் ஹென்ட்ரிக் பிரைட்கிராய்ட்ஸ் 2002 மே 13 அன்று இதை எழுதத் தொடங்கினார். அன்று புழக்கத்தில் இருந்த 'இ-டாங்கி 2000' மென்பொருள் அவருக்குத் திருப்தி தரவில்லை. கழுதைக்கு (டாங்கி) போட்டியாக வந்ததற்குக் கோவேறு கழுதையின் (மியூல்) பெயரை வைத்தார். மூல நிரல் அந்த ஜூலையில் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் வெளியானது; ஆகஸ்டில் முதல் இயங்கு பதிப்பு வந்தது.

இ-டாங்கியை 2000இல் வெளியிட்டவர் ஜெட் மெக்கேலப். பிட்காயின் சந்தையான மவுண்ட் காக்ஸைப் பின்னாளில் தொடங்கியவரும் இவரே. அதற்கு முன் வந்த இசைப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டரில் கோப்புப் பட்டியல் முழுவதும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இருந்தது. நிறுவனம் வழக்கில் தோற்றதும் எல்லாம் முடிந்தது. இ-டாங்கியிலோ யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம். கோப்பு துண்டுகளாகப் பிரிவதால் பலரிடமிருந்து ஒரே சமயத்தில் இறக்கவும், முழுதும் வந்து சேரும் முன்பே வந்த துண்டைப் பிறருக்குத் தரவும் முடிந்தது. இந்த வலையமைப்பை இ-மியூல் அப்படியே ஏற்றுக்கொண்டது.

ஒரு துண்டின் அளவு 97,28,000 பைட். ஒவ்வொரு துண்டுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து பெறும் அடையாளக் குறியான ஹாஷ் எம்டி4 முறையில் கணக்கிடப்படும். கோப்பின் பெயர் எப்படி மாறினாலும் ஹாஷ் மாறாது என்பதால், பத்துப் பேர் பத்துப் பெயரில் வைத்திருக்கும் ஒரே படத்தை மென்பொருள் ஒன்றாகவே கருதும். தொடக்கத்தில் துண்டில் ஒரு பைட் கெட்டாலும் துண்டு முழுவதையும் மீண்டும் இறக்க வேண்டியிருந்தது. பின்னர் சேர்க்கப்பட்ட ஏஐசிஎச் முறை 180 கிலோபைட் அளவில் பிழையைத் தேடிப் பிடித்து, அந்தப் பகுதியை மட்டும் மாற்றியது.

இ-மியூலின் தனித்தன்மை அதன் வரிசையிலும் வரவுக் கணக்கிலும் இருக்கிறது. கோப்பு கேட்பவர், அதை வைத்திருப்பவரின் வரிசையில் நிற்க வேண்டும். காத்திருந்த நேரம், கோப்பின் முன்னுரிமை, முன்பு கொடுத்ததற்கான வரவு ஆகியவை சேர்ந்து அவருடைய இடத்தை முடிவு செய்யும். வரவு ஒருவரைப் பத்து மடங்கு வரை முன்னே தள்ளும். இந்தக் கணக்குக்கு மைய அலுவலகம் எதுவும் கிடையாது. பெட்டிக்கடைக்காரரின் கடன் நோட்டுப் போல ஒவ்வொருவரும் தம்மிடம் வந்து போனவர்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஓரிடத்தில் சேர்த்த வரவு இன்னோரிடத்தில் செல்லாது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க ஆர்எஸ்ஏ அடையாளச் சோதனையும் இருந்தது. பதிவேற்ற வேகத்தை நொடிக்கு 10 கிலோபைட்டுக்குக் கீழே வைப்பவருக்குப் பதிவிறக்க வேகத்திலும் உச்சவரம்பு விழும். மூல நிரல் திறந்திருந்ததால், கொடுக்காமல் வாங்கவென்றே திருத்திய பதிப்புகளும் பிறக்கத்தான் செய்தன.

புதிதாக வருபவருக்கு இந்த ஏற்பாடு எரிச்சலூட்டும். நாள் கணக்கில் வரிசையில் நிற்க நேரும். 4662ஆம் போர்ட் ரௌட்டரில் மூடியிருந்தால், வெளியிலிருந்து நேரடியாக இணைய முடியாதவர் என்பதைக் குறிக்கும் 'லோ ஐடி' கிடைத்து நிலைமை இன்னும் மோசமாகும். வேகத்தில், இன்னொரு பகிர்வு முறையான பிட்டோரண்டோடு இ-மியூல் போட்டியிட்டதே இல்லை. ஆனால் டோரண்டில் ஒவ்வொரு பகிர்வும் தனிக் கூட்டம்; முழுக் கோப்பை வைத்திருக்கும் கடைசி ஆள் போனால் அது செத்துவிடும். இ-மியூலில் ஒருவர் பகிரும் கோப்புறை முழுவதும் எந்நேரமும் தேடலில் இருக்கும். அச்சில் இல்லாத புத்தகமோ மறந்துபோன தொலைக்காட்சித் தொடரோ தேடியவர்கள் இங்கே வந்தது அதனால்தான்.

சட்டம் முதலில் சர்வர்களைக் குறிவைத்தது. 2006 பிப்ரவரியில் ஸ்விஸ், பெல்ஜியக் காவல்துறையினர் அவற்றில் மிகப் பெரியதான 'ரேசர்பேக் 2'ஐக் கைப்பற்றினர். செப்டம்பரில் இ-டாங்கி நிறுவனம் இசை நிறுவனங்களுக்கு 3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு ஒதுங்கியது. இ-மியூல் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டார் மேமுன்கோவும் டேவிட் மாசியரும் 2002இல் முன்வைத்த கடெம்லியா முறையைத் தழுவிய 'காட்' வலையமைப்பு 2004லேயே அதில் சேர்ந்துவிட்டது. அதில் எந்தக் கோப்பு யாரிடம் என்ற விவரத்தைப் பயனர்களின் கணினிகளே பங்கிட்டு வைத்துக்கொள்வதால் சர்வரே தேவையில்லை. இணையச் சேவை நிறுவனங்கள் பகிர்வுப் போக்குவரத்தை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைத்தபோது, 2006இல் வந்த 0.47பி பதிப்பு நெறிமுறையை மறைக்கும் வசதியைத் தந்தது.

இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், சீனா ஆகிய நாடுகளில் இதற்குப் பயனர்கள் அதிகம் இருந்தனர். ஷாங்காயின் வெரிசிடி தளம் 'ஈஸிமியூல்' என்று தனிப் பதிப்பே வெளியிட்டது; 2011இல் இசை, திரைப்பட இணைப்புகளை அத்தளம் நீக்கிவிட்டது. லினக்ஸ், மேக் கணினிகளுக்கு 2003இல் 'ஏமியூல்' கிளைத்தது. 2017 வாக்கில் சோர்ஸ்ஃபோர்ஜில் இ-மியூலின் பதிவிறக்கம் 68 கோடியைத் தாண்டியிருந்தது. அதற்குள் மூல ஆசிரியர் குழு ஓய்ந்திருந்தது: 2010 ஏப்ரலில் வந்த 0.50ஏ பதிப்புக்குப் பின் பல ஆண்டுகள் புதிதாக எதுவும் வெளிவரவில்லை. அதன் பிறகு வந்த பதிப்புகள் தன்னார்வலர்கள் கிட்ஹப்பில் வெளியிட்டவை.