கணக்கு மென்பொருள் இழுபடுகிறதா? புதுக் கம்பியூட்டர் வாங்கு முன் பார்க்க வேண்டியவை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கத்துக் கடை அலுவலகங்களில் கம்பியூட்டர் வேலை பார்த்து வருகிறேன். ஹாட்வெயார் கடை, அரிசி ஆலை, மருந்து மொத்த வியாபாரம், புடவைக் கடை என்று இடம் மாறினாலும் உள்ளே இருக்கும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பில் போட ஒரு கம்பியூட்டர், ஸ்டோரில் ஒன்று, கணக்கெழுதும் பிள்ளையிடம் ஒன்று. மூன்றிலும் குவிக்புக்ஸ் அல்லது டெலி. வரும் அழைப்பும் ஒன்றுதான். "மனே, சிஸ்டம் சுத்திக்கிட்டே நிக்குது, சனம் காத்துக்கிட்டு நிக்குது. புதுசு வாங்கணுமா?"

பெரும்பாலும் வாங்கத் தேவையில்லை. நான் பார்த்த இடங்களில் தாமதத்துக்குக் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருந்தது: கணக்குக் கோப்பு இருக்கும் டிஸ்க், அந்தக் கோப்பை மற்றக் கம்பியூட்டர்கள் எட்டும் வழி, அல்லது கோப்பின் சொந்த நிலைமை. எது என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும். கண்டுபிடிக்காமல் பணம் செலவழித்தால், புதுக் கம்பியூட்டரிலும் அதே கோப்பு அதே மாதிரி இழுபடும்.

எதையும் தொடுமுன் ஒரு பெக்கப் எடுக்க வேண்டும். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. திடீரென்று மெதுவாகிப்போன கம்பியூட்டர், சாகப்போகும் ஹார்ட் டிஸ்காக இருக்கலாம். கணக்குக் கொப்பி போனால் என்னவாகும் என்பது இந்தக் கரையோரத்துக்குப் பாடமாகச் சொல்லித் தரத் தேவையில்லாத விடயம். 2004 டிசெம்பர் 26 காலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். உயிர் தப்பிய வியாபாரிகளில் பலருக்குக் கடையோடு கடன் கொப்பியும் போய்விட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு மனச்சாட்சியைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை. அதற்கு முன் போர்க்காலத்தில் எரிந்த கடைகளிலும், அது தமிழர் கடையானாலும் முஸ்லிம் கடையானாலும், இதே கதைதான். இன்று அந்தக் கொப்பி ஒரு கோப்பாக ஒரு டிஸ்குக்குள் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே எல்லாக் கம்பியூட்டரிலும் மென்பொருளை மூடிவிட்டு, மென்பொருளின் சொந்த பெக்கப் வசதியால் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். பிறகு அதை வேறொரு கம்பியூட்டரில் ரெஸ்டோர் செய்து, நேற்றைய கடைசிப் பில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பெக்கப்பை நான் பெக்கப்பாகக் கணக்கெடுப்பதில்லை. டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். கோப்பை வெளியே எடுப்பது மட்டுமே வேலை.

இனிக் கண்டுபிடிப்பது. கையில் ஒரு மணிக்கூடு போதும். கணக்குக் கோப்பு உண்மையில் எந்தக் கம்பியூட்டரில் இருக்கிறதோ அதில் உட்கார்ந்து, மென்பொருளைத் திறக்க, ஒரு பில் போட, ஒரு மாத விற்பனை அறிக்கை எடுக்க எத்தனை வினாடி என்று குறியுங்கள். அதே மூன்றையும் மற்றக் கம்பியூட்டர்களிலும் செய்து பாருங்கள். கோப்பு இருக்கும் இடத்தில் வேகம், மற்ற இடங்களில் தாமதம் என்றால் கோளாறு வழியில். எல்லா இடத்திலும் தாமதம் என்றால் டிஸ்கில் அல்லது கோப்பில். ஒரு கம்பியூட்டரில் மட்டும் என்றால் அந்தக் கம்பியூட்டரில். காலை பத்து மணிக்கு மட்டும் இழுபட்டால் அந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடுகிறது. அன்டிவைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், யாரோ நேரம் குறித்து வைத்த பெக்கப். எல்லாம் சரி, பொருள் பட்டியலைத் திறக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால் சந்தேகம் கோப்பின் மேல். இந்தக் கணக்கை எடுக்காமல் "ரேம் கூட்டுவோம்" என்று தொடங்கும் டெக்னீஷியனை நான் நம்புவதில்லை.

டிஸ்கைப் பார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பில் போடும்போது அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, வாசிக்கும் வேகமோ வினாடிக்கு ஓரிரு மெகாபைட் என்று காட்டினால் விடை கிடைத்துவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு கை அசைந்து ஒவ்வொரு துண்டாகப் போய் எடுக்க வேண்டும். வினாடிக்கு நூறு தடவை சொச்சம்தான் அதனால் அப்படிப் போய் வர முடியும். ஒரு பில்லைச் சேமிக்கும்போது கணக்கு மென்பொருள் வாடிக்கையாளர் நிலுவை, பொருள் இருப்பு, விலை, வற் வரி என்று சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளையே தொடுகிறது. அசையும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. அதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். ஏழெட்டு வருடப் பழைய கம்பியூட்டருக்கு எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால், ஹார்ட் டிஸ்கோடு வரும் புதுக் கம்பியூட்டரை அது பெரும்பாலும் வென்றுவிடும். டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் அந்த டிஸ்கைப் பழுது பார்க்க முயல வேண்டாம், மாற்றுங்கள். டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் தாமதம் வரும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

கடலோரத்துக்கு என்று தனியான ஒரு கோளாறும் உண்டு. உப்புக் காற்று ரேமின் தொடுமுனைகளிலும் டிஸ்க் கேபிளின் நுனியிலும் பாசி பிடித்தாற்போல் படியும். அரிசி ஆலையென்றால் அதோடு தவிட்டுத் தூசும் விசிறியை அடைக்கும். சூடேறினால் புரொசசர் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் இழுபடும் கம்பியூட்டரை முதலில் திறந்து தூசு தட்டிப் பாருங்கள். ரேமைக் கழற்றி, தொடுமுனையைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்தாலே சில நேரம் காரியம் முடிந்துவிடும். கம்பியூட்டரைத் தரையில் வைக்காமல் மேசையில் வைப்பது மாரி காலத்துக்கும் நல்லது.

அடுத்தது வழி. இங்கே அதிகமான பணம் வீணாகும் இடமே இதுதான். கடைக்குள் மூன்று கம்பியூட்டரும் ஒரே கோப்பைப் பார்க்கும்போது இன்டர்நெட்டுக்கு அதில் பங்கே இல்லை. ஆனாலும் பில் இழுபடுகிறது என்று பெரிய ஃபைபர் பெக்கேஜுக்கு மாறி, மாதா மாதம் கூடுதலாகக் கட்டும் முதலாளிமாரைக் கண்டிருக்கிறேன். அலுவலகத்துக்குள் இருக்கும் வைஃபைதான் பிரச்சினை. ஒரு பில்லுக்குள் கம்பியூட்டர்கள் இரண்டும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கேள்வி பதில் பரிமாறிக்கொள்ளும். கேபிளில் ஒரு பதில் ஒரு மில்லி வினாடிக்குள் வந்துவிடும். வைஃபையில் அது ஐந்தாகும், பத்தாகும், இடையில் நூறுக்கும் போகும். கம்பிக் கட்டும் தகரமும் அடுக்கிய ஹாட்வெயார் கடை என்றால் கேட்கவே வேண்டாம். கமாண்ட் ப்ரொம்ட்டில் பிங் என்று அடித்து, கோப்பு இருக்கும் கம்பியூட்டரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எண்கள் ஏறி இறங்கினால் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். ஏற்கெனவே கேபிள் இருந்தால் எலி கடித்ததா, நுனி கழன்றதா என்று பாருங்கள்.

குவிக்புக்ஸ் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பைப் பகிரும் பொறுப்பு ஒரே ஒரு கம்பியூட்டருக்குத்தான் இருக்கலாம். ஃபைல் மெனுவில் யூட்டிலிட்டீஸுக்குள் ஹோஸ்ட் மல்ட்டி யூசர் எக்செஸ் என்று இருந்தால் அந்தக் கம்பியூட்டரில் பகிர்வு அணைந்திருக்கிறது என்று பொருள்; ஸ்டொப் ஹோஸ்டிங் என்று இருந்தால் அது எரிந்துகொண்டிருக்கிறது. கோப்பு இல்லாத கம்பியூட்டரிலும் அது எரிந்தால் இரண்டும் இழுபறிப்படும். ஒரு மருந்துக் கடையில் எண்பது வினாடி எடுத்த திறப்பு, இந்த ஒன்றை அணைத்ததும் பதினைந்துக்கு வந்தது. கணக்குக் கோப்பை வன்டிரைவ், டிரொப்பொக்ஸ் போன்றவை தானாகப் பிரதியெடுக்கும் ஃபோல்டருக்குள் வைத்து வேலை செய்வதும் தவறு. ஒரு பக்கம் நீங்கள் எழுத, மறுபக்கம் அது கோப்பைப் பிடித்து இழுக்கும். தாமதம் மட்டுமல்ல, கோப்பே கெட்டுப்போகலாம். பெக்கப்பை அங்கே வையுங்கள், ஓடும் கோப்பை அல்ல.

கோப்பின் நிலைமையைக் குவிக்புக்ஸில் எஃப்2 விசை காட்டும். கோப்பின் அளவு, எத்தனை துண்டாக டிஸ்கில் சிதறியிருக்கிறது, எத்தனை பெயர், எத்தனை பொருள் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். புரோ, பிரீமியர் பதிப்புகளில் வாடிக்கையாளர், விநியோகத்தர், ஊழியர் எல்லாம் சேர்ந்து 14,500 பெயர்தான் எல்லை. பொருள் பட்டியலுக்கும் அதே எண். காசு கொடுத்து ஒரு பைக்கட் ஆணி வாங்கியவரின் பெயரையும் புதிதாகப் பதிந்தால் அந்த எல்லை எட்டாத உயரமல்ல. காசு வியாபாரத்துக்கு ஒரே ஒரு பெயர், கடன் வாங்குபவருக்கு மட்டும் தனிப் பெயர் என்று வைப்பதுதான் வழி. நம் கடைகளில் உண்மையில் தேடப்போவதும் அந்தக் கடன் பெயர்களைத்தான்.

கோப்புக்குப் பக்கத்தில் டி.எல்.ஜி. என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கும். கடைசிப் பெக்கப்புக்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அதில் பதிவாகும். முழுச் சரிபார்ப்போடு பெக்கப் எடுத்தால் அது சுருங்கிவிடும். எடுக்காமலே விட்டால் சில கடைகளில் அது தாய்க் கோப்பை விடப் பெரிதாகிவிடுகிறது. அதை அழித்துவிட வேண்டாம். கோப்பு கெட்டால் மீட்க உதவுவது அதுதான். பிறகு வெரிஃபை டேட்டா, அது பிழை காட்டினால் ரீபில்ட் டேட்டா. டெலி பிரைமில் டேட்டா மெனுவுக்குள் ரிப்பெயர் இருக்கிறது. பல வருடக் கணக்கு ஒன்றாகக் கிடந்தால் ஸ்ப்ளிட் மூலம் ஆண்டு வாரியாகப் பிரிக்கலாம். இரண்டிலும் பழைய கொடுக்கல் வாங்கலைச் சுருக்கி நீக்கும் வேலைக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. 2024 ஜனவரி 1 இல் வற் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது. அந்த எல்லைக் கோட்டின் இரு பக்கத்துப் பில்லையும் இறைவரித் திணைக்களம் கேட்கும் நாள் வரலாம். முழுக் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே வைக்காமல் எதையும் நீக்கக் கூடாது.

அன்டிவைரஸ் கணக்குக் கோப்பை ஒவ்வொரு தொடுகையிலும் சோதித்தால் வேகம் பாதியாகும். அந்த ஃபோல்டரையும் மென்பொருளையும் மட்டும் விலக்குப் பட்டியலில் போடுங்கள். அன்டிவைரஸையே நிறுத்த வேண்டாம். திருட்டுப் பிரதி மென்பொருள் ஓடும் கடைகளில் இது இன்னும் முக்கியம். சில கிரெக் கோப்புகளோடு வரும் ஒட்டுண்ணி உங்கள் புரொசசரில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெக்கப் டிஸ்கை எந்நேரமும் கம்பியூட்டரில் செருகி வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கமே ஓர் உதாரணம் தந்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட் மின்னஞ்சல் அமைப்பை ரென்சம்வெயார் தாக்கியது. இணைப்பில் இருந்த பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. கடைக்கு இரண்டு வெளி டிஸ்க் போதும். ஒன்று இன்று செருகி எடுத்துக் கழற்றுவது, மற்றது கண்டியிலோ அம்பாறை நகரிலோ உறவினர் வீட்டில், கடலுக்கு எட்டாத இடத்தில். மாதம் ஒருமுறை மாற்றினால் சரி.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்துண்டிப்பு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடே இருண்டது. பில் சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் கோப்பில் பிழை விழும், அந்தப் பிழை அடுத்த மாதம் தாமதமாக வெளியே தெரியும். யூ.பி.எஸ். கோப்பு இருக்கும் கம்பியூட்டருக்கு முதலில். ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் அடுத்ததாக.

"குவிக்புக்ஸ் டெஸ்க்டொப் முடிஞ்சுது, ஒன்லைனுக்கு மாறுங்க" என்று சிலர் கடைகளில் வந்து சொல்கிறார்கள். அமெரிக்காவில் புரோ, பிரீமியர் பதிப்புகளின் புதிய சந்தா விற்பனையை இன்டியூட் நிறுவனம் 2024 செப்டெம்பர் 30க்குப் பிறகு நிறுத்தியது உண்மை. மாறுவது உங்கள் விருப்பம். மாறினால் அப்போதுதான் இன்டர்நெட் வேகம் பில்லின் வேகத்தைத் தீர்மானிக்கும். டொலரில் மாதக் கட்டணம் என்றால், 2022 இல் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன டொலரையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

செலவென்று பார்த்தால் நான் போகும் வரிசை இது. முதலில் காசே இல்லாதவை: பெக்கப், தூசு, ஹோஸ்டிங், அன்டிவைரஸ் விலக்கு. பிறகு கேபிள். பிறகு எஸ்.எஸ்.டி.யும் யூ.பி.எஸ். பெட்டரியும். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே மூன்று வேலையையும் மணிக்கூட்டோடு செய்து, வினாடிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை டெக்னீஷியன் வரும்போது அந்தக் கொப்பியை அவர் கையில் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும், உங்கள் பில்லும் பாதியாகும்.