கதவுக் கண்ணாடி: தூரம், மறைப்பு, சாட்சி குறித்துச் சில குறிப்புகள்

கண்ணாடி உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லுவார்கள். கார்க் கண்ணாடி உடைந்தால் யாருக்கு ஆகாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. சுசீந்திரம் மார்கழித் திருவிழா ஒன்பதாம் நாள், தேர் நிலைக்கு வந்து கூட்டம் கலைந்த பிறகு, மச்சினனுடைய காரின் பின்கதவுக் கண்ணாடி நொறுங்கி இருப்பதைப் பார்த்தோம். பெங்களூரிலிருந்து அவனே ஓட்டிக்கொண்டு வந்த ஜெர்மன் கார். அதன் விலையை அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ரத வீதியை ஒட்டிய எங்கள் முடுக்கின் வாயில் நிறுத்தியிருந்தான்.

நொறுங்கியதே தவிர கீழே கொட்டவில்லை. உள்பக்கம் கறுப்பு பிலிம் ஒட்டியிருந்தது. ஆயிரம் துண்டாகியும் ஒரே பலகையாக, சற்று உப்பி, அப்படியே நின்றது. மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தான், இது அந்தக் காலனிப் பயலுவ வேலைதான். வடம் பிடிக்க வந்தானுவல்லா, நான் பாத்தேன். கம்ப்ளெயின்ட் குடுக்கணும்" என்றான். பார்த்தது கண்ணாடியை உடைத்ததையா என்று கேட்டேன். இல்லை, அவர்கள் அந்தப் பக்கம் நின்றதைப் பார்த்தானாம். நின்றதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

நான் எழுத நினைத்தது அந்தப் 'போதுமானதாக இருந்தது' என்பதைப் பற்றித்தான். ஆனால் அதற்குப் போக கண்ணாடி வழியாகவும் தெரு வழியாகவும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

தெருவிலிருந்து தொடங்கலாம். இந்த ரத வீதிகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை அல்ல. 1924 மார்ச்சில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்காகத் தொடங்கிய போராட்டம் 1925 நவம்பரில், கிழக்குத் தெரு நீங்கலாக மற்றவை திறக்கப்பட்டதோடு முடிந்தது. அதன் தொடர்ச்சி 1926இல் சுசீந்திரத்தில் நடந்தது. டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னின்றார். கேட்டது கோயிலுக்குள் போகும் உரிமையை அல்ல, கோயிலைச் சுற்றி நடக்கும் உரிமையைத்தான். 1930இல் மறுபடியும் கிளம்பியது. 1936 நவம்பர் 12ஆம் தேதி வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம்தான் வாசலையும் தெருவையும் சேர்த்துத் திறந்தது. 1926இல் என் தாத்தா தடுத்தவர்கள் பக்கம் நின்றவர். வீட்டில் இதை யாரும் சொன்னதில்லை. எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னாள், ஏதோ மழை பெய்த சங்கதியைச் சொல்வதுபோல.

திருவிதாங்கூரில் தீண்டாமை என்பது தொடுவதைப் பற்றியது மட்டுமல்ல. அது தூரத்தைப் பற்றியது, சில சாதிகளுக்குப் பார்வையில் படுவதைப் பற்றியது. இன்ன சாதிக்கு இத்தனை அடி என்று கணக்கு இருந்தது. நம்பூதிரி நடக்கும்போது முன்னால் ஒரு நாயர் 'ஹோ, ஹோ' என்று கூவிக்கொண்டு போவான். கேட்டவர்கள் வரப்பில் இறங்கி மறைந்துகொள்ள வேண்டும். (நம்ம ஊர்க் கார்க்காரர்கள் ஹாரன் அடிக்கிற விதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். முன்னால் ஓடுகிறவனுக்குக் கூலி மிச்சம், அவ்வளவுதான்.) நம்பூதிரி வீட்டு அந்தர்ஜனங்கள் வெளியே வந்தால் மறைக்குடை, ஓலையால் செய்த நடமாடும் சுவர். ஆக இந்த மண்ணில் நகர்தல் என்பதே யார் யாரைப் பார்க்கலாம், யார் யார் கண்ணிலிருந்து விலகவேண்டும் என்ற ஒழுங்கின் பகுதியாகத்தான் இருந்திருக்கிறது. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனதை வெறும் வண்டிச் சவாரி என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்திரப்பட்டவர்கள்தான் அதன் அர்த்தத்தைச் சரியாகப் படித்தவர்கள். உட்கார்ந்தபடி, நிமிர்ந்து, மற்றவர்களை மேலிருந்து பார்த்துக்கொண்டு ஒரு புலையர் போவது என்பது அதுவரை அந்தச் சாலை கண்டிராத காட்சி.

பிரகடனம் வந்து பதினைந்து மாதத்தில், 1938 பெப்ரவரி 20இல், திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வண்டி சுசீந்திரம் வழியாகத்தான் போகவேண்டும். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தவர்கள் அதிகம் இல்லை. பிரகடனம் தெருவைத் திறந்தது என்றால், பேருந்து தூரத்தையே ஒழித்தது. டிக்கெட் எடுத்தவன் எவன் பக்கத்திலும் உட்காரலாம். அடிக்கணக்கு ஒரு சீட்டுப் பலகையில் செத்தது. என் சின்ன வயசில் பஸ்களின் ஜன்னலில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் படுதாவை இறக்கிவிடுவார்கள். வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியும், உள்ளே இருப்பவனுக்கு வெளியே தெரியும், காற்று எல்லோருக்கும் ஒன்று. செத்தது நிஜமாகவே செத்ததா என்பது வேறு கேள்வி. கொஞ்சம் காசு சேர்ந்ததும் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். முதலில் அம்பாசடர் வாடகைக் கார், பிறகு சொந்தக் கார், பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்ட ஏ.சி. கார்.

இனி கண்ணாடிக்கு வருவோம். தொடக்ககாலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கதவுக் கண்ணாடி இல்லை. குதிரைவண்டியின் திறந்த உடல்தான். விலை உயர்ந்த மூடிய கார்களில் சாதாரணக் கண்ணாடியையே போட்டார்கள். விபத்தில் அது கத்தியாக உடைந்து கழுத்தை அறுத்தது. 1903இல் எதுவார் பெனதிக்தஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கை தவறி விழுந்த ஒரு குப்பி விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததைக் கவனித்தார். உள்ளே காய்ந்துபோன செல்லுலோஸ் நைட்ரேட் படலம் பிடித்து வைத்திருந்தது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலம் என்ற யோசனைக்கு 1909இல் காப்புரிமை வாங்கினார். முன்கண்ணாடியில் இன்று இருப்பது அதன் வம்சம். பழைய படலம் வெயிலில் மஞ்சளித்ததால் 1930களின் கடைசியில் வேறு பிளாஸ்டிக் வந்தது. பெரும்பாலான கார்களின் கதவில் இருப்பது இன்னொரு சாதி. அறுநூற்றுச் சொச்சம் டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்றை ஊதி எடுப்பது. வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு சுருங்கும்போது தோலை உள்நோக்கி இழுக்கும். அந்த இழுபறிதான் அதன் பலம். வெட்டவோ துளைபோடவோ அதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு ஓரத்தில் ஓர் ஆழமான கீறல் விழுந்தால் போதும், மொத்தமும் ஒரே கணத்தில் கற்கண்டாகிவிடும். நடுவில் குத்தினால் தாங்கும், ஓரத்தில் தாங்காது. அதனால்தான் உடைந்த கதவுக் கண்ணாடிக்கு ஒட்டு கிடையாது. மாற்றுவது ஒன்றே வழி.

இதே நூற்றாண்டில் சமஸ்தானங்களுக்காக 'பர்தா கார்'கள் செய்யப்பட்டன. அன்று ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி எஞ்சினும் அடிச்சட்டமும்தான் விற்கும். மேலே உடலைக் கட்டுகிற பட்டறைகள் வேறு. அந்தப் பட்டறைக்காரர்கள் வடக்கத்தி ராணிகளுக்காகத் திரைபோட்ட, கறுத்த ஜன்னல்களைக் கட்டிக் கொடுத்தார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு அந்த வழக்கம் இல்லை. சுசீந்திரம் போராட்டக் காலத்தில் ஆட்சி செய்ததே ஒரு பெண், ரீஜெண்ட் சேது லட்சுமி பாயி. 1925 மார்ச்சில் காந்தியை நேரில் சந்தித்துப் பேசியவர். ஆனால் வழக்கம் இல்லாத ஊரிலும் பொருள் வந்து சேர்ந்துவிடுகிறது, அர்த்தத்தை மாற்றிக்கொண்டு. பர்தா காரில் மறைக்கப்பட்டவள் பெண். சன்பிலிம் ஒட்டிய காரில் மறைந்திருப்பவன் ஆண். அவனை யாரும் மறைக்கவில்லை, அவனே மறைந்துகொள்கிறான். மறைக்குடைக்குள் இருந்தவள் தன் குடைக்கு அடியில் தரையைத்தான் பார்த்தாள். இவன் எல்லோரையும் பார்க்கிறான்.

வால்டர் பெஞ்சமின் 1933இல் எழுதிய ஒரு கட்டுரையில் கண்ணாடியை ரகசியத்தின் எதிரியாகச் சொல்கிறார். பாவம், அவர் சன்பிலிம் பார்த்ததில்லை. பூத்ரியா 1968இல் பொருள்களின் ஒழுங்கமைப்பைப் பற்றி எழுதும்போது கண்ணாடியில் நெருக்கமும் மறுப்பும் ஒன்றாகவே இருக்கின்றன என்கிறார். எங்கள் ஊர் அனுபவத்துக்கு இதுதான் கிட்ட வருகிறது. ஆனால் ஐரோப்பியர் இருவருக்கும் கண்ணாடி ஒரு நவீனப் பொருள். நமக்கோ நவீனப் பொருளுக்குள் அடிக்கணக்கு வந்து குடியேறுகிறது. ஃபூக்கோ வழியாகப் படித்த பெந்தாமின் சிறையில் காவலன் தெரியாமல் இருந்து பார்ப்பான், கைதி பார்க்கப்படுவான் என்பதை நாம் தேவைக்கு அதிகமாகவே எழுதிவிட்டோம். அந்தச் சிறையைச் சக்கரத்தின் மேல் வைத்துத் தேரோட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்பதை எழுதவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது சுவாரசியமானது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, நூறாவது விதி: முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விடவேண்டும். 2012 ஏப்ரல் 27இல் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்சநீதிமன்றம், எத்தனை சதவீதமானாலும் மேலே பிலிம் ஒட்டுவதே கூடாது என்றது. காருக்குள் நடக்கும் குற்றங்கள் வெளியே தெரியவேண்டும் என்பது முக்கியக் காரணம். விலக்கு பெறத்தக்கவர்கள் இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு பெற்றவர்கள். ஆக மறைந்துகொள்ளும் உரிமைக்கும் ஒரு படிநிலை எழுதப்பட்டது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அதே 70க்கும் 50க்கும் உட்பட்டால் பிலிம் ஒட்டலாம் என்றது. மச்சினன் காரில் ஒட்டியிருந்தது எந்தக் கணக்கிலும் ஐம்பதைத் தொடாது. பகல் வெளிச்சத்திலேயே பின்சீட்டில் இருந்த என் மகளை எனக்குத் தெரியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து கண்ணாடி மாற்றுகிற தம்பி மறுநாள் காலை வந்தான். அளவு பார்த்து ஆர்டர் கொடுக்கத்தான் வந்தான். பிலிம் பிடித்துவைத்திருந்த நொறுங்கலை உள்ளேயும் வெளியேயும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது எறி இல்ல" என்றான். எப்படி என்று கேட்டேன். "எறிஞ்சா அடி பட்ட எடத்துலேர்ந்து கோடு நாலா பக்கமும் ஓடும். இங்க பாருங்கோ, எல்லாக் கோடும் இந்தக் கீழ்மூலைலேர்ந்து மேல ஏறுது. மூல எங்க இருக்கு? ரப்பருக்குள்ள. அதுக்குள்ள எவன் கல்லெறிவான்?" கதவின் உள்பலகையைக் கழற்றிக் காட்டினான். கண்ணாடியைத் தாங்குகிற பிடிப்பில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. கண்ணாடி சாய்ந்து ஏறி இறங்கி, ஓரம் தகட்டில் உரசியிருக்கிறது. பெங்களூரிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் குலுங்கிய பிறகு நாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறது. பிலிம் இல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் கொட்டிப்போய் எந்தக் கோடும் மிஞ்சியிருக்காது. சட்டவிரோதமாக ஒட்டிய பிலிம்தான் சாட்சியைக் காப்பாற்றி வைத்திருந்தது.

சுசீந்திரத்துக்குச் சாட்சி, நிரூபணம் எல்லாம் புதிது அல்ல. இந்திரன் பாவம் தீர்ந்து சுசியான இடம் என்பது தலபுராணம். அகலிகையால் உடம்பெல்லாம் கண்ணானவன். கைமுக்கு நடந்த ஊரும் இதுதான். குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்க்குள் கைவிட்டு உள்ளே கிடக்கும் உருவத்தை எடுக்கவேண்டும். கையைத் துணியால் கட்டி, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் காலத்தில் (1829–46) நிறுத்தப்பட்டது. கே.கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் பற்றிய நூலில் இந்தச் சங்கதி விரிவாக இருக்கிறது. கைமுக்கில் என்னை உறுத்துவது அதன் கொடுமை மட்டுமல்ல. அது நம்பூதிரிக்குத் தரப்பட்ட ஒரு வாய்ப்பு. கொடூரமான வாய்ப்புதான், ஆனாலும் அவன் மேல் சந்தேகம் வந்தால் ஒரு முறைமை இருந்தது, நாள் குறித்தார்கள், மூன்று நாள் காத்திருந்தார்கள். காலனிப் பயல்கள் விஷயத்தில் மூன்று நிமிஷம்கூட யாரும் காத்திருக்கவில்லை.

தம்பி சொன்னதை மச்சினனிடம் சொன்னேன். "இருக்கும் அத்தான்" என்றான். ஆனால் இன்சூரன்ஸ் இருக்கிறதே. தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் உடைந்தால் பாலிசி கொடுக்காது. வேண்டுமென்று யாரோ உடைத்தால் கொடுக்கும். அதற்குப் போலீசில் எழுதிக் கொடுத்த காகிதம் வேண்டும். அந்த ஜெர்மன் கண்ணாடியின் விலை நாங்கள் இந்த வீட்டுக்குப் போட்ட ஜன்னல்கள் அத்தனையின் விலையைவிட அதிகம். "பேரு ஒண்ணும் எழுதாண்டாம், அடையாளம் தெரியாத நபர்கள்னு போட்டாப் போதும். நீங்க சாட்சிக்கு ஒரு கையெழுத்து." அவன் கெட்டவன் அல்ல. பாலிசியின் வாசகம் அவனை அந்தப் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனால் போலீஸ்காரர் 'அடையாளம் தெரியாத நபர்'களைத் தேடிக்கொண்டு ரத வீதி வீடுகளுக்கு வரமாட்டார். எங்கே போவார் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். என் தாத்தாவை நினைத்துச் சொன்னேனா, ஒரு பொய்க்குப் பயந்து சொன்னேனா என்று இப்போதும் தெளிவாக இல்லை.

கண்ணாடி சென்னையிலிருந்து பார்சலில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை கதவில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. தம்பி கதவின் அடிவயிற்றிலிருந்து துண்டுகளை எல்லாம் உறிஞ்சி எடுத்தான்; ஒன்று மிஞ்சினாலும் ரெகுலேட்டர் சிக்குமாம். புதுக் கண்ணாடியைச் சாய்த்து உள்ளே இறக்கி, பிடிப்பில் பொருத்தி, இரண்டு போல்ட்டையும் முறுக்கினான். பிறகு சுவிட்சை மேலே தூக்கி ஐந்தாறு நொடி அப்படியே பிடித்தான், கீழே அழுத்தி மறுபடி ஐந்தாறு நொடி. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "எது மேல, எது கீழன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும் சார். இல்லாட்டி பாதிலயே நிக்கும்."

பிலிம் ஒட்டவா என்று கேட்டான். மச்சினன் பெங்களூரில் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பணத்தை அவனேதான் கொடுத்தான். பொங்கலுக்கு அக்காளிடம் போனில் அரைமணி நேரம் பேசினான். என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை.