தண்டு, பேட்டை, மைதானம்: பெங்களூருவின் நிறக்கோடும் சாதிக்கோடும்

பெங்களூரு கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்தின் கன்னடப் பெயர் ‘பெங்களூரு தண்டு’. தண்டு என்றால் படை. தண்டநாயகன் என்ற சொல்லை அறிந்த தமிழருக்கும் இது அயற்சொல் அன்று. நகரின் மறுபாதிக்குப் பேட்டை என்று பெயர். கெம்பேகௌடர் காலந்தொட்டு வணிகரும் நெசவாளரும் வாழ்ந்த பழைய ஊர். ஒரே நகரத்துக்குள் இரண்டு நகரங்கள் இருந்தன என்பதை இந்த இரு சொற்களே இன்றுவரை சுமந்துகொண்டிருக்கின்றன.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியாவால் அவதியுற்ற பிரிட்டிஷ் படையை 1809இல் அல்சூரை ஒட்டிய மேட்டுநிலத்துக்கு மாற்றியபோது தண்டு உருவானது. படை தனியாக வரவில்லை. சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒப்பந்ததாரரும் கடைக்காரரும் சமையற்காரரும் குதிரைக்காரரும் தோட்டிகளும் அதனுடன் வந்தனர். 1862இல் இரு பகுதிகளுக்கும் தனித்தனி நகரசபைகள் அமைந்தன. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் தண்டு மட்டும் பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆளுகையில் நின்றது. 1870இல் உருவான கப்பன் பூங்கா இரண்டுக்கும் இடையே பசுமையான எல்லையாக அமைந்தது. பூங்காவின் தண்டுப் பக்க விளிம்பில் 1906இல் விக்டோரியா அரசியின் சிலை எழுந்தது. பூங்கா என்பது எல்லோருக்குமான வெளி என்று இன்று கருதுகிறோம்; இந்தப் பூங்காவின் வரலாறு வேறு.

தண்டுக்குள்ளும் ஒரு கோடு உண்டு. அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றி இன்ஃபண்ட்ரி, கேவல்ரி, பிரிகேட் என்று படைப்பிரிவுகளின் பெயர் தாங்கிய சாலைகளும் பங்களாக்களும் இருந்தன. வடக்கே நெருக்கமான தெருக்களுடன் பிளாக்பள்ளி இருந்தது; இன்றைய சிவாஜிநகர். இப்பெயர் ஒரு கன்னட ஊர்ப்பெயரின் திரிபு என்பாரும், தண்டை வடிவமைத்த பொறியாளர் பிளாகிஸ்டனின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வேர் எதுவாயினும், ஆங்கிலக் காதில் அது ‘கறுப்பர் பள்ளி’ என்றே ஒலித்திருக்கும். சென்னையில் ‘பிளாக் டவுன்’ என்பது அதிகாரபூர்வப் பெயராகவே வழங்கி, 1906இல்தான் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. அந்த மாகாணத்திலிருந்து வந்த படைக்கும் அதன் ஏவலருக்கும் இந்தப் பொருள்கோள் புதிதாக இருந்திருக்க முடியாது.

1868இல் தொடங்கிய ஐக்கியப் படைப்பணி மன்றம், அதாவது இன்றைய பெங்களூர் கிளப், நிறக்கோட்டின் மிகத் துல்லியமான வரைபடம். வின்ஸ்டன் சர்ச்சில் அங்கே செலுத்தாமல் விட்ட 13 ரூபாய் 1899ஆம் ஆண்டுப் பேரேட்டில் வாராக்கடனாகப் பதிவாகியிருப்பதை நகரம் இன்றும் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறது. இன்னொரு கதையும் வழங்குகிறது: மைசூர்த் தலைப்பாகை அணிந்து சென்ற திவான் விசுவேசுவரையா அம்மன்றத்தில் அனுமதிக்கப்படவில்லை, அதனால்தான் 1917இல் செஞ்சுரி கிளப்பைத் தோற்றுவித்தார் என்பது அது. திவானுக்கு நேர்ந்த அவமதிப்பைப் பேசும் இந்நகரத்தில், நாள்தோறும் பின்வாசல் வழியாக அதே மன்றத்துக்குள் சென்றுவந்த சமையற்காரரைப் பற்றிய கதை எதுவும் புழங்கவில்லை. மாட்டிறைச்சியையும் மதுவையும் எச்சில் தட்டையும் தொடச் சாதி இந்துக்கள் மறுத்ததால் ஐரோப்பியரின் சமையலறைகளிலும் குதிரைலாயங்களிலும் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினரே. முன்வாசலை நிறம் காத்தது. பின்வாசலைச் சாதி நடத்தியது. தண்டின் தமிழரை ஒரே சமூகமாகக் காட்டும் எழுத்துகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கட்டட ஒப்பந்தம் எடுத்த முதலியாரும் லாயத்தைக் கூட்டியவரும் ஒரே மொழி பேசினர். ஒரே தெருவில் வசிக்கவில்லை.

கால்பந்து இந்தப் பின்னணியில்தான் நகரத்துக்குள் இறங்கியது. போலோவுக்குக் குதிரை வேண்டும். கிரிக்கெட்டுக்கு மட்டையும் வெள்ளுடையும் உறுப்பினர் சீட்டும் வேண்டும். சிப்பாய்கள் மாலையில் உதைத்த பந்தைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு பந்தும் வெறுங்காலும் போதுமானவையாக இருந்தன.

அக்காலப் பெரும் போட்டிகள் படைப்பிரிவுகளின் உடைமைகளாக இருந்தன. 1891இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையைப் பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் ரெஜிமென்டுகளே வென்றன. 1911இல் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்டை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது எல்லோரும் அறிந்த செய்தி. அதே மோகன் பகான் 1923இல் ரோவர்ஸ் இறுதியாட்டம் வரை சென்று டர்ஹம் லைட் இன்ஃபண்ட்ரியிடம் தோற்றது. அக்கோப்பையை முதன்முதலில் வென்ற இந்திய அணி கல்கத்தாவைச் சேர்ந்ததன்று. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டு ஆர்கைல் அண்ட் சதர்லாந்து ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவை வீழ்த்தி அதே அணி மீண்டும் வென்றது. படைத் தண்டின் நிழலில் வளர்ந்த ஆட்டக்காரர்கள் படையணி ஒன்றைத் தோற்கடித்தனர். ஆயினும் இந்தியக் கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் கல்கத்தாவின் பத்திரிகைகளையும் நினைவுக்குறிப்புகளையும் கொண்டே எழுதப்பட்டது. 1911க்குக் காவியம் கிடைத்தது. 1937க்குக் கிடைத்தது பட்டியலில் ஒரு வரி.

அணியின் பெயரும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பியர் படைப்பிரிவின் பெயரில் ஆடினர். இந்தியர் பலவேளைகளில் மதத்தின் பெயரில் ஆடினர். பம்பாயின் கிரிக்கெட்டில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற நான்கணிப் போட்டி இதன் முழு வடிவம். அங்கே ‘இந்துக்கள்’ அணிக்குப் பந்துவீசியவர் பல்வங்கர் பாலு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அந்தத் தலித் வீரருக்குப் புனேவில் தேநீர் அரங்குக்கு வெளியே தனிக் குவளையில் தரப்பட்டது. அணித்தலைமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை; அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிட்டியது. வெள்ளையரை எதிர்த்து ஆடும்போது பாலு இந்து. தேநீர் வேளையில் அவர் தீண்டத்தகாதவர். விளையாட்டில் இனவெறியைப் பேசுவோர் நிறத்தை மட்டும் அளந்தால் இந்தக் குவளை கணக்கில் வராமலே போய்விடும்.

விடுதலையின் வாசலில் பெங்களூருவின் கால்பந்து உச்சியில் இருந்தது. 1946–47இல் பெங்களூருவிலேயே நடந்த சந்தோஷ் கோப்பையில் மைசூர் அணி வங்காளத்தை வென்றது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 1–2 எனத் தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் பெங்களூருவின் சாரங்கபாணி ராமன். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியில் ஆடி, பின்னர் ஈஸ்ட் பெங்காலில் புகழ்பெற்ற அகமது கானும் அன்று களத்தில் இருந்தார். அந்த ஆட்டம் நினைவுகூரப்படுவது பெரும்பாலும் வெறுங்காலுக்காக. ஆடிய விதத்தை விடக் கால் மூடப்படாததே விந்தையாகத் தெரிந்தது. பூட்ஸ் விலைமதிப்புள்ள பொருளாக இருந்த தெருக்களிலிருந்து வந்த ஒரு திறன், பார்ப்பவர் கண்ணில் இனத்தின் அடையாளமாயிற்று. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றபோது இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் அடித்தார். அதன்பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

1947இல் தண்டு மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் இரு நகரசபைகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. சவுத் பரேட் மகாத்மா காந்தி சாலை ஆனது. கேவல்ரி சாலை காமராஜர் சாலை ஆனது. பெயர் மாற்றம் எளிது. தண்டின் ஏவலர் குடியிருப்புகள் சேரிகள் என்ற புதிய பெயரோடு அதே இடத்தில் நீடித்தன. அங்கிருந்த இளைஞருக்குக் கால்பந்து திறந்துவிட்ட கதவு பொதுத்துறை வேலை. இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, எச்.ஏ.எல். போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களைப் பணியில் சேர்த்துக்கொண்டன. 1977இல் முதல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது ஐ.டி.ஐ. அணி. அவ்வணிகள் தேய்ந்தபோது இழப்பு விளையாட்டுக்கு மட்டும் நேரவில்லை. ஒரு சாதி தன் தெருவை விட்டு வெளியேறுவதற்கு இருந்த சில வழிகளுள் ஒன்றும் சுருங்கியது.

கோடு மொழியின் உருவிலும் திரும்பி வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991 டிசம்பரில் எழுந்த வன்முறையில் பெங்களூருவின் தமிழர் தாக்கப்பட்டனர்; பெரும் அடி வாங்கியவர்கள் உழைப்பாளர் குடியிருப்புகளில் இருந்தவர்கள். 2012 ஆகஸ்டில் குறுஞ்செய்திகளாகவும் வாய்மொழியாகவும் பரவிய வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயில்களில் ஏறினர். ஒருவர் ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்ப அரசு தடை விதித்தது. முகத்தோற்றத்தை வைத்து அயலவரை இனங்காணும் பழக்கத்துக்கு அதைவிடப் பெரிய சான்று இந்நகரின் அண்மை வரலாற்றில் இல்லை. மறு ஆண்டு பெங்களூரு எஃப்.சி. தொடங்கியது. மணிப்பூரின் தோய் சிங்கும் அவருக்குப் பின் உதாந்தா சிங்கும் அந்த அணிக்காக ஓடியபோது அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அரங்கத்தில் கைதட்டிய நகரம்தான் வாடகை வீட்டின் வாசலில் அதே முகத்தை ஐயத்தோடு பார்த்தது.

அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் வாழ்கின்றன. கால்பந்துப் பித்தால் அத்தெருக்களுக்கு ‘குட்டி பிரேசில்’ என்று பெயர். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பெலேயின் சிலையும் நிற்கிறது. பந்தோடு நிற்கும் அந்தக் கறுப்பு மனிதரை அவர்கள் தங்கள் தெருவின் ஆளாகவே கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில், மகாத்மா காந்தி சாலையை ஒட்டிய அணிவகுப்பு மைதானம் இன்றும் இராணுவத்தின் வசம்தான் இருக்கிறது.