500 கார்களும் ஓர் இறக்கையும்



சில செடான் கார்களின் டிக்கி மேல் இறக்கை மாதிரி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்தயக் காரைப் பார்த்து ஆசைப்பட்டு வைத்தது என்று நினைப்போம். ஆனால் ஒரு காலத்தில் அப்படி ஓர் இறக்கையை, பந்தய விதிக்குக் கட்டுப்பட்டு, ஒரு பெரிய நிறுவனம் ஷோரூமில் வைத்தே விற்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கதை.

1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்று விபத்துக்குள்ளாகி, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டோடு அந்த ஜெர்மன் நிறுவனம் பந்தயத் தடங்களை விட்டு விலகியது. 1982-இல் 190 என்ற சிறிய செடானை வெளியிட்டபோது, மெர்சிடிஸ் என்றால் டீசல் டாக்சியும் பெரிய மனிதர்களின் காரும்தான் மக்கள் நினைவுக்கு வரும்.

அந்தச் சின்னக் காரை ராலிப் போட்டிக்கு அனுப்ப நிறுவனம் விரும்பியது. இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனத்திடம் எஞ்சின் வேலையை ஒப்படைத்தது. அவர்கள் சிலிண்டருக்கு இரண்டாக இருந்த வால்வுகளை நான்காக்கினார்கள். நான்கு சிலிண்டருக்குப் பதினாறு வால்வு. எஞ்சின் தாராளமாக மூச்சு விட்டது, 2.3 லிட்டரில் 185 குதிரைத்திறன் கிடைத்தது. அதற்குள் ஆடி குவாட்ரோ நான்கு சக்கரங்களாலும் உந்திக்கொண்டு ராலி உலகத்தையே மாற்றிவிட்டது. பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் 190 அதோடு போட்டி போட முடியாது. எனவே மெர்சிடிஸ் தார்த் தடத்தில் நடக்கும் டூரிங் கார் பந்தயத்தின் பக்கம் திரும்பியது.

1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டத் தடத்தில் இந்தக் கார்கள் 50,000 கிலோமீட்டர் ஓடின. சராசரி வேகம் மணிக்கு 247.9 கிலோமீட்டர். 1984 மே மாதம் நூர்பர்க்ரிங்கின் புதிய தடத்தைத் திறந்தபோது, பெரிய பந்தய வீரர்களை ஒரே மாதிரியான 190 கார்களில் ஏற்றி ஒரு போட்டி வைத்தார்கள். நிக்கி லௌடாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வென்றவர் 24 வயது அயர்டன் சென்னா.

இப்போது அந்த விதிக்கு வருவோம். 'குரூப் ஏ' என்று பெயர். பந்தயத்தில் ஒரு காரை ஓட்ட வேண்டுமா? அந்த மாடலை 12 மாதத்துக்குள் 5,000 தயாரித்திருக்க வேண்டும். பிறகு அதை மேம்படுத்த வேண்டுமா? அந்த மாற்றங்களோடு இன்னும் 500 கார்கள் தயாரிக்க வேண்டும். பணக்கார நிறுவனம் யாருக்கும் கிடைக்காத ஒற்றைக் காரைச் செய்து கோப்பையை அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதே நோக்கம்.

1986-இல் பி.எம்.டபிள்யூ எம்3 வந்தது. இதே விதிக்காகவே பிறந்த கார். மறு ஆண்டே ஜெர்மன் டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை எம்3 ஓட்டியவர் வென்றார். மெர்சிடிஸ் பதில் சொல்லியாக வேண்டும். 1989-இல் முதல் 'எவொல்யூஷன்': 502 கார்கள். 2.5 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தை 87.2 மில்லிமீட்டரிலிருந்து 82.8 ஆகக் குறைத்தார்கள். தூரம் குறைந்தால் பிஸ்டனுக்கு அலைச்சல் குறையும். எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழற்றலாம். வாங்கியவர் அலுவலகத்துக்கு ஓட்டிப்போன காரிலும் அதே மாற்றம் இருந்தது.

1990-இல் 'எவொல்யூஷன் 2'. இதுவும் 502. எஞ்சின் 235 குதிரைத்திறன். 500 கார்கள் நீலம் கலந்த கறுப்பு, கடைசி இரண்டு மட்டும் வெள்ளி நிறம். பின்னால் ஓர் ஆள் உட்காரலாம் போல ஓர் இறக்கை. அதன் காற்றியக்க வடிவமைப்பில் பங்கு கொண்டவர் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் எப்ளர். கிளைடர் விமானங்களுக்கு இறக்கை வடிவங்களைக் கணக்கிட்டுப் பெயர் பெற்றவர். எஞ்சின் இல்லாத விமானத்தைத் தூக்கிப் பறக்க வைத்தவரிடம், கார் தரையை விட்டு எழும்பாமலிருக்க வழி கேட்டிருக்கிறார்கள்!

காரணம் எளிது. காரின் மேற்புறம் வளைவு. அதன் மேல் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கார் மேல்நோக்கி இழுபடும். பின்சக்கரங்களின் பிடி தளரும். தலைகீழாக வைத்த விமான இறக்கை அதையே கீழே அழுத்தும். இந்த அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 200 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 50-இல் கிடைக்கும்.

1992-இல் கிளாவுஸ் லுட்விக் சாம்பியன் ஆனார். முதல் மூன்று இடங்களும் 190 ஓட்டியவர்களுக்கே.

அடுத்த ஆண்டு அங்கே விதி மாறியது. 500 கார் விற்கும் கட்டாயம் போனது. 1993-இல் ஆல்ஃபா ரோமியோ 155 வென்றது. பந்தயத்தில் ஓடியது ஆறு சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம். கடையிலோ ஆறு சிலிண்டர் 155 முன்சக்கர இயக்கத்தோடும், நான்கு சக்கர இயக்கம் கொண்ட 155 நான்கு சிலிண்டரோடும்தான் கிடைத்தன. இரண்டும் சேர்ந்த காரை யாரும் வாங்க முடியாது. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே வேறு. செலவு கட்டுக்கடங்காமல் ஏறியது. 1996 முடிவில் ஆல்ஃபாவும் ஓப்பலும் விலக, அந்தப் போட்டித் தொடரே நின்றுபோனது.

விதி இருந்தவரை, பந்தயத்தில் பயன்பட்ட பொருள் சாலைக்கும் வந்தது. விதி போனபின் மிஞ்சியது பெரும்பாலும் உருவம் மட்டுமே. என்னிடம் படித்து இன்று கார் வாங்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: இறக்கை வாங்குவதற்கு முன், அது வேலை செய்யும் வேகத்தில் நீங்கள் என்றாவது ஓட்டப் போகிறீர்களா என்று யோசியுங்கள். நம் சாலையில் அது கூடவும் கூடாது. அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் மாற்றுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்திலும் அவை உங்களுக்காக உழைக்கும்.